திவசத்துக்கு வந்த வாள்

உரும்பிராயில் மைத்துனன் பஞ்சலிங்கத்தின் புதுவீட்டு விறாந்தைச் சுவரில் மகாதேவி அந்தக் கைவாளைக் கண்டாள். கணவன் இளையதம்பியின் ஆண்டுத் திவசத்துக்குச் சொல்லப் போயிருந்தாள். கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். கண் மட்டும் சுவரை விட்டு இறங்கவில்லை.

போர்வாளல்ல, தச்சர் மரமரியும் பழைய வாள். அலகில் செய்தவன் பெயரில்லை, ஊரில்லை, எண்ணில்லை. ஆனால் கைப்பிடியின் தேய்வை அவள் அறிவாள். வலக்கைக்காரன் பிடித்த வாளில் பெருவிரல் பள்ளம் இடப்பக்கம் விழும். இதில் வலப்பக்கம் விழுந்திருந்தது. இளையதம்பி இடக்கையன்.

"எங்காலை தம்பி உது?"

"உதோ? சும்மா கிடந்த பழைய வாள் மச்சாள். ஒல்லாந்தர் காலத்ததாம். கனடாவிலையிருந்து வாற சனம் அதுக்குப் பக்கத்திலை நிண்டு படமெல்லே எடுக்குதுகள்!"

தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் வலிகாமமே பெயர்ந்து போனபோது அண்ணனும் தம்பியும் தென்மராட்சியில் ஒரே கொட்டிலில் இருந்தார்கள். பாதை திறந்ததும் முதலில் திரும்பியவன் தம்பி. பின்னால் இளையதம்பியும் இவளும் நீர்வேலி வீட்டுக்கு வந்து பார்த்தால், அவனுடைய தச்சுப் பட்டறையில் ஓர் உளிகூட இல்லை. "ஆரோ வழிச்சுத் துடைச்சுக்கொண்டு போட்டாங்கள் அண்ணை" என்று பஞ்சலிங்கம் தமையனைக் கட்டிப்பிடித்து அழுதான். போனவற்றில் இளையதம்பிக்கு ஆறாமல் நின்றது வாள் ஒன்றுதான். பாட்டனிடமிருந்து தகப்பனுக்கும், தகப்பனிடமிருந்து மூத்தவனுக்கும் வந்த வாள். அதன்பிறகு இரவல் தச்சாயுதங்களோடு கொஞ்சக்காலம் எடுபிடி வேலைக்குப் போனான். அதுவும் நின்றபின் சந்தையில் வாழைக்குலை சுமந்தான். சுமந்து சுமந்தே கூன் விழுந்தது. ஆள் கண்ணை மூடி ஒரு வருடம் முடியவில்லை, வாள் சுவருக்கு வந்துவிட்டது. அண்ணன் இருக்கும் வரைக்கும் அதற்கு வெளிச்சம் ஆகாது என்று பஞ்சலிங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது.

மகாதேவி அங்கேயே கத்தியிருக்கலாம். "இடக்கையன் யாழ்ப்பாணத்திலை அண்ணை ஒராளே?" என்று கேட்பான். பெயரில்லாத வாளுக்கு எவனும் சொந்தம் சொல்லலாம். ஆகவே அவள் கத்தவில்லை. இது எந்த வாள் என்பதை அவன் தன் வாயால், சொந்தபந்தம் எல்லாம் கேட்கச் சொல்ல வேண்டும்.

"தம்பி, திவசத்துக்கு வாறநேரம் உதையும் கொண்டுவாருங்கோ. நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர் வாறார். மரவேலை படிப்பிச்ச மனிசன். பழைய ஆயுதங்களுக்கு வயது சொல்லுவார்."

"கட்டாயம் மச்சாள், கட்டாயம்!"

திவசத்தன்று ஐயர் போனபின், முற்றத்துப் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்த நேரம் பஞ்சலிங்கம் வாளைப் புதுச் சால்வையில் சுற்றிக் குழந்தைபோல ஏந்தி வந்தான். நீக்கிலாப்பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அலகை வெயிலில் சரித்தார். மகாதேவி அவரிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. உள்ளதைச் சொல்லுங்கோ என்று மட்டும் கேட்டிருந்தாள்.

"என்ன மாஸ்டர், வாளுக்குச் சாதகம் எழுதுறியளோ? சோறு ஆறுது" என்றாள் நல்லம்மா மாமி. அந்தப் பக்கத்துச் சொந்தத்தில் மிச்சமிருந்த மூத்தவள் அவள்தான்.

"பிறந்த காலம் சொல்லலாம் அம்மா, நட்சத்திரம் சொல்லேலாது." அவர் கைப்பிடியைத் திருப்பினார். "ஒல்லாந்தரை விடுங்கோ. இது இங்கிலாந்து வாள். இந்தப் பித்தளை நட்டுகளைப் பாருங்கோ, தலை தட்டை, நடுவிலை வெட்டு. பிறகு வந்ததுகளுக்குத் தலை குமிழ் மாதிரி இருக்கும். கைப்பிடி எங்கடை மரமில்லை. நுனிக்குக் கிட்ட முதுகிலை ஒரு சின்ன முளை, பழைய ஆக்கள் வைக்கிறது. அலகு முதுகுப் பக்கம் மெலியுது, மலிஞ்ச வாளுக்கு உந்த வேலை செய்யமாட்டாங்கள். ஆயிரத்தெண்ணூற்று அறுபது, எண்பதுக்குள்ளை எண்டு சொல்லலாம்."

பஞ்சலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

"ஆனால் கன வருசம் பாவிக்கேல்லை" என்றார் அவர். "துருவிலை சாக்கு நூலின்ரை தடம் கிடக்கு. ஆரோ சாக்கிலை சுத்தி ஒளிச்சு வைச்சிருக்கினம்."

மகாதேவி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "மாஸ்டர், ஆரின்ரை வாள் எண்டு தெரியாட்டி இதுக்கு மதிப்பிருக்கோ?"

"பெயருமில்லை, ஆரின்ரை கையிலை இருந்ததெண்டும் தெரியாட்டி, என்ன மதிப்பு? பழைய இரும்புதான்."

"பழைய இரும்பைத்தான் நடுவிறாந்தையிலை கொழுவினவரோ!" என்று யாரோ சிரித்தார்கள். பந்தல் முழுக்கச் சிரித்தது.

பஞ்சலிங்கத்துக்குக் காது சிவந்தது. "ஆரின்ரையெண்டு தெரியாதோ? இது எங்கடை பாட்டன்ரை வாள்! துரை ஒருத்தன் ஊருக்குப் போகேக்கை அவரிட்டைக் குடுத்தது. பாட்டனிட்டை இருந்தது இந்த ஒரே வாள்தான்!"

"வடிவாத் தெரியுமோ தம்பி? வேறை வாளா இருக்காதே?"

"சத்தியமா மச்சாள். எங்கடை வாள் எனக்குத் தெரியாதோ?"

சிரிப்பு தானாக நின்றது. நல்லம்மா மாமி இலைக்கட்டை மடியில் வைத்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த வாளைக் கொப்பர் மூத்தவனுக்கெல்லே குடுத்தவர்? நான் பக்கத்திலை நிண்டனான். இடம்பெயர்ந்து வந்து பாக்க இல்லையெண்டு சொன்னது ஆரடா? நீதானே!"

"மாமி, அது... அப்ப களவு பயம். நான் பத்திரமா எடுத்து வைச்சனான்..."

"ஆருக்குப் பத்திரமா?" என்றாள் மகாதேவி. குரல் உயரவில்லை. "அவர் குலை சுமக்கிறதை நீர்வேலிச் சந்தியிலை நிண்டு பாத்தனீங்கள்தானே தம்பி. 'அண்ணை, பாரமோ' எண்டும் கேட்டனீங்கள்."

அவன் வாளை அவள் பக்கம் நீட்டினான். "இந்தாங்கோ. உங்களிட்டையே இருக்கட்டும்."

"எனக்கேன்? நான் வேலைக்குப் போகப்போறனோ? கொண்டுபோய் அதே இடத்திலை கொழுவுங்கோ. வாற சனத்துக்கு ஒல்லாந்தர் கதையை விட்டிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி மாமி சொல்லுவா."

"ஓம், சொல்லுவன்" என்றாள் நல்லம்மா.

திவசச் சோற்றை உண்ணாமல் எழுந்து போவது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. அவன் வாளோடு மோட்டார் சைக்கிளில் ஏறி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் மடிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு போனான். ஒழுங்கை முடியும் மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டுக்காரி கடைசியாகத்தான் உண்ண வேண்டும். மகாதேவி பஞ்சலிங்கத்துக்குப் போட்ட இலையில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு வருடமாகச் சோறு ருசித்ததில்லை. கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்து வழித்து உண்டாள்.

"மாமி, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றாள்.