இடைவேளையில் குடிக்காத தண்ணீர்

போத்தலை உயர்த்தி, அண்ணாந்து, அவன் குடித்த மாதிரிதான் இருந்தது. புத்தளம் மைதானத்தின் ஓரத்தில், வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருந்த, அணிக்கு ஆள் பொறுக்க வந்த கொழும்பு சேருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். நான் மட்டும் அவனுடைய தொண்டையைப் பார்த்தேன். அது அசையவில்லை. தண்ணீர் மூடிய உதட்டில் பட்டு, நாடி வழியாக வழிந்து, ஜேர்சிக்குள் ஓடியது. வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தான். சரியாகச் செய்தேனா என்று கேட்கிற சிரிப்பு. அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கற்பிட்டிப் பக்கத்துக் கரைகளுக்கு ஐஸ் கொண்டுபோகிற லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் என் லொறி போகாத கரை இல்லை, பின்னேரம் பந்து உருளாத கரையும் இல்லை. ஐஸ் இறக்குகிற நேரத்தில் பார்த்துப் பார்த்தே எந்த ஊரில் எவன் எந்தக் காலால் அடிப்பான் என்பது மனதில் பதிந்துபோனது. சிலாபம் மீன் சந்தையில் பழகிய சிங்களமும் இருந்தது. கொழும்பு உதைபந்துக் கழகம் ஒன்று, பள்ளிப் படிப்பை முடிக்கிற பொடியன்களில் நல்லவர்களைத் தன் அணிக்குப் பொறுக்க ஆள் அனுப்புகிறது என்று கேள்விப்பட்டதும், யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். அப்படித்தான் அந்தச் சேருக்கு நான் கண்ணும் வாயும் ஆனேன். பெயர்களைக் கொடுக்கிறதும் நான், அவர் பேசுகிற சிங்களத்தைப் பொடியன்களுக்குத் தமிழில் சொல்கிறதும் நான்.

நான் கொடுத்த பெயர்களில் முதலாவது, அந்தப் போத்தல் பொடியன், விங். இடது ஓரத்தில் ஓடுகிறவன் என்பதால் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டோம். வாப்பா கடலுக்குப் போகிறவர். மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய கால் அவனுக்கு. புல்லில் விட்டால் பிடிக்க ஆளில்லை. கொழும்புக் கழகம் எடுத்தால் சம்பளமும் தங்க இடமும் உண்டு. எடுக்காவிட்டால் அடுத்த மாதமே வாப்பாவோடு தோணியில் ஏற வேண்டும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆள் எடுக்கிற தேர்வு விழுந்தது நோன்பு மாதத்தில். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். டயர் காற்றுப் போகும் என்று பயம், மழை வரும் என்று பயம். அந்த முறை பிடித்த பயம் வேறு. சேர் சிங்களவர். நோன்பு பிடிக்கிற பொடியன் என்று தெரிந்தால், வருஷத்தில் ஒரு மாதம் ஓடமாட்டான் என்று கழித்துவிடுவாரோ? யாரும் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொண்டது. பயணம் போகிறவர் நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம் என்ற சலுகை இருக்கிறதே, அதைச் சொல்லி மற்றப் பொடியன்கள் மைதானத்துக்குப் போகிற வேனிலேயே பணிஸ் தின்றார்கள். விங் மட்டும் தொடவில்லை. அண்ணன் முறை வைத்து என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"உம்மா விடியமுந்தி சஹருக்கு எழும்பிச் சோறாக்கித் தந்தா, நானா. நோன்ப உட்டுட்டேன்னு போய் எப்பிடிச் சொல்ற?"

"இவன் கொழும்புக்குப் போனா உம்மாவையும் பேக்ல போட்டுக்கிட்டுத்தான் போவான்" என்று கோல் காக்கிறவன் கிண்டலடித்தான். வேன் முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. "அப்ப சேருக்குத் தெரியப்படாது. தண்ணி தந்தா வாங்கு. வாயில வெச்சிட்டு ஊத்திடு" என்றேன்.

மைதானத்தில் நின்ற கழுதைகளை விரட்டி முடித்ததும் சேர் பொடியன்களை வரிசையாக நிறுத்தினார். அட்டையில் செருகிய தாளைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: "நோன்பு பிடித்தவர்கள் இருந்தால் இந்த வெயிலில் ஓட வேண்டாம். நாளைக் காலையில் சிலாபத்தில் தனியாகப் பார்க்கிறேன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தேன். பொடியன்களிடம் கேட்காமலே, "யாரும் இல்லை சேர்" என்று நானே சொல்லிவிட்டேன். விங்குக்குச் சிங்களம் தெரியாது.

"என்னவாம் நானா?"

"பயப்படாம வெளயாடச் சொல்றாரு."

முதல் பாதியில் அவன் பறந்தான். சேர் கதிரையை விட்டு எழுந்து, கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பிறகு இடைவேளை, அந்தத் தண்ணீர். இரண்டாம் பாதியில் கால் மணித்தியாலம் போகவில்லை, அவனுடைய கால் பின்னிக்கொண்டது. பந்து காலடியில் வந்து நின்றும் குனிந்து முழங்காலைப் பிடித்தபடி நின்றான். அவனைத் தாண்டி மற்றவர்கள் ஓடினார்கள்.

ஆட்டம் முடிந்து வேனுக்குள் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சேர் என்னைக் கேட்டார்: "இவன் எப்போதும் இப்படித்தானா? பாதி ஆட்டத்துக்கு மட்டும் ஆள் எடுக்க முடியாதே."

அப்போதும் சொல்லியிருக்கலாம். முதலில் சொன்னது பயத்தில் வந்த பொய், அதை நானே மன்னித்துவிடுவேன். இரண்டாவதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சொன்னால் நான் பொய்க்காரன் ஆவேன், எட்டாம் வகுப்போடு நின்றவனை நம்பியது பிழை என்று நினைப்பார், இனி என்னைக் கூப்பிடமாட்டார். என் மானத்துக்கு ஒரு பொடியனின் காலைக் கொடுத்தேன். "தெரியாது சேர்" என்றேன். அவர் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கோல் காக்கிறவனை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு வருடமும் என்னைக் கூப்பிட்டார். ஒரு தடவையும் நான் போகவில்லை. லொறி பழுது என்றேன், காய்ச்சல் என்றேன். பயந்து சொன்ன பொய்கள் அதற்கு மேலும் கூடின.

விங் சில வருடம் கடலுக்குப் போனான். இப்போது ஆலங்குடாவில், காற்றில் பெரிய பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரருக்கு உதவியாள். கீழே விழுகிற பட்டத்தை எடுக்க மணலில் ஓடுவான். அந்த ஓட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் ஐஸ் இறக்கப் போகிறேன். பார்க்காமல் வந்ததில்லை.

போன கிழமை அவனாகவே லொறிக்குப் பக்கத்தில் வந்தான்.

"நானா, அண்டைக்கு அந்தச் சேர் நோன்பப் பத்திக் கேக்காதது நல்லதாப் போச்சி. கேட்டிருந்தா நான் உள்ளதச் சொல்லியிருப்பேன். பொய் சொல்ல ஏலாது எனக்கு. மறைக்கச் சொன்ன உங்களுக்குத்தான் வெக்கமாப் போயிருக்கும்."

"ஓம்" என்றேன். அந்த நோன்பை மறைத்தது இது மூன்றாவது தடவை.

அவன் என் ஆசனத்தில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அண்ணாந்து குடித்தான். நோன்பு மாதம் இல்லை. தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதியில் நிறுத்தி, "நீங்களும் குடிங்களே, மொகம் வாடிப் போயிருக்கு" என்று நீட்டினான். வாங்கி வாயில் வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் நாடி வழியாக வழிந்து சட்டைக்குள் ஓடியது.