காம்பு மட்டும் நின்ற கிளை

சென்ற வியாழக்கிழமை காலை, காபி டம்ளரோடு மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மாஞ்செடி இருந்தது. பத்து நாளாக அதன் பக்கம் போகாமல் இருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அன்றைக்கு எட்டிப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்று கிளை உள்ள செடி. இரண்டு கிளைகளில் இலைகள் அப்படியே இருந்தன. மூன்றாவது கிளை மொட்டை. இலைகளைக் கத்தரித்து, காம்புகளை மட்டும் விட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே நீளம். நுனியில் மட்டும் ஒரே ஒரு இலை.

தரையில் ஒரு இலைகூட உதிர்ந்து கிடக்கவில்லை.

"குரங்கா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "கிரிவலப் பாதைல ஒண்ணும் கெடைக்கலைனா நம்ம வேங்கிக்கால் பக்கம் வந்துடுதுங்க."

குரங்கு காம்பை மட்டும் மிச்சம் வைக்குமா? வெட்டிய இலையைப் பொறுக்கிக்கொண்டு போகுமா? கேட்டேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார். மாடிக் கதவுக்கு ஒரே சாவி. அது என் சமையலறை ஆணியில் தொங்குகிறது. மாடி முழுக்க வலை வேறு போட்டிருக்கிறேன்.

என் தோட்டப் பைத்தியம் உங்களுக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் என்னைப் போல ஒரு கூட்டமே இருக்கிறது. பழமரக் குச்சிகளை மாற்றிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு. உங்கள் மாமரத்திலிருந்து எனக்கு ஒரு குச்சி, என் சீத்தாவிலிருந்து உங்களுக்கு ஒரு குச்சி. அதை ஒரு நாற்றில் ஒட்டுக் கட்டினால் உங்கள் மரம் என் வீட்டிலும் காய்க்கும். கொட்டை போட்டு முளைப்பது பிள்ளை மாதிரி; அப்பனைப் போல வரும் என்று நிச்சயம் கிடையாது. ஒட்டு அப்படியில்லை. அது அதே மரம்.

குச்சியை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. பத்து நாள் முன்னதாகவே அந்தக் கிளையின் இலைகளைக் கத்தரித்து, காம்பை மட்டும் விட வேண்டும். மொட்டுகள் உப்பும். பத்தாம் நாள் காம்பைத் தொட்டால் தானாக உதிரும். அதுதான் கணக்கு. அன்றைக்கு வெட்ட வேண்டும். விட்டால் துளிர்த்துவிடும், குச்சி வீண்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது குழுவிலிருந்த ஏகாம்பரம் சார். லைன்மேனாக வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அடி அண்ணாமலையில் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம், தானாக முளைத்தது. பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். அறுத்தால் லேசாகச் சோம்பு வாசனை. அந்த ருசியில் இன்னொரு மரத்தை நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. கிளையை மொட்டையடிக்கும்போது நுனியில் ஒரு இலையை விட்டுவிடுவார். எங்கள் குழுவில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன்.

"மொத்தமா எடுத்துட்டா, நாம செத்துட்டோம்னு கிளை நெனச்சுக்கும் மேடம்" என்றார்.

எனக்காக இரண்டு முறை அந்த மரத்தில் கிளையைத் தயார் செய்தார். இரண்டு முறையும் நான் போகவில்லை. ஒத்திப்போடுவதில் எனக்கு நிகர் நானேதான். இரண்டாம் முறை போன் செய்தார்.

"கிளை உங்களுக்காக மொட்டையா நிக்குது. ரெண்டு நாள்ல துளிர் விட்டுடும், அப்புறம் வேலைக்கு ஆவாது. மரத்துக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

சிரித்துவிட்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். அடுத்த மாதம் அவர் இல்லை. மாரடைப்பு.

கருமாதி முடிந்ததும் அவர் மனைவி சரோஜா அக்காவை மகன் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான். கொஞ்ச நாளில் அக்காவிடமிருந்து போன்.

"வீட்ட வித்தாச்சும்மா. வாங்கினவங்க பௌர்ணமிக்கு வர்றவங்களுக்கு ரூம் கட்டப் போறாங்களாம். திங்கக்கிழமை மரத்த எடுத்துடுவாங்க. எனக்கு அதுல ஒண்ணே ஒண்ணு கட்டிக் குடு. தொட்டில வெச்சுக்கறேன். வேற எதுவும் கேக்கல."

அன்று வியாழன். பத்து நாள் வேண்டிய இடத்தில் மூன்று நாள்தான் இருந்தது. இலையோடு வெட்டிய குச்சி பிடிப்பது ரொம்பக் கஷ்டம். ஆனாலும் சரி என்றேன். ஞாயிறு காலை அடி அண்ணாமலைக்குப் போனேன். பக்கத்துப் பெட்டிக்கடையில் சாவி வாங்கிக் கேட்டைத் திறந்து, பின்பக்கம் போனேன்.

கிழக்குப் பக்கம் ஒரு கிளை மொட்டையாக நின்றது. நுனியில் ஒரே ஒரு இலை.

ஒரு காம்பைத் தொட்டேன். உதிர்ந்தது. அடுத்ததைத் தொட்டேன். அதுவும் உதிர்ந்தது. பத்து நாள் ஆகியிருக்கிறது. மரம் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தே மூன்று நாள்தான் ஆகியிருந்தது!

கடைக்காரம்மாவிடம் போய், யாராவது உள்ளே வந்தார்களா என்று கேட்டேன்.

"யாரு வருவாங்க? கருமாதிக்கு அப்புறம் நீதான் தொறக்கிற. சாவி என் கல்லாவுலயே கெடக்குது. ஏம்மா, எதுனா காணமா?"

எதுவும் காணாமல் போகவில்லை. இருக்கக்கூடாத ஒன்று இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? திரும்பிப் போய் எட்டுக் குச்சிகளை வெட்டி, ஈரப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் முதுகு சில்லென்று இருந்தது. வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது.

எட்டு நாற்றுகளில் ஒட்டுக் கட்டி, குச்சி ஐஸ் கவரைத் தொப்பியாக மாட்டினேன். ஏழு கறுத்துப் போயின. ஒன்று துளிர்த்தது. அந்த மரம் இந்த உலகத்தில் இனி அந்த ஒரு செடிதான்.

எங்கள் குழுவில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. குச்சி கொடுத்தவர் மரம் போய்விட்டால், வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் பேச்சே கிடையாது. அதற்காகத்தான் மாற்றிக்கொள்வதே.

அக்கா போன் செய்தார். "புடிச்சுதாம்மா?"

"இல்லக்கா" என்றேன். "எல்லாம் கருகிடுச்சு."

ஏன் சொன்னேன்? பேராசைதான், வேறென்ன. பெங்களூர் பால்கனியில் அது செத்துவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். செடி பெரிதாகட்டும், அதிலிருந்து இன்னொன்று கட்டிக் கொடுப்போம் என்று இன்னொரு நியாயம். செடி வளர்ப்பவர்களுக்கு இந்த வியாதி தெரியும். நம்மிடம் மட்டும் இருக்கும் ஒன்றை விட்டுக்கொடுக்க மனசு வராது.

"சரி, உடும்மா. அவரு கூடவே போயிடுச்சுன்னு நெனச்சுக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஒன்றரை வருடம்.

இந்த மாதம் அக்கா மறுபடி கூப்பிட்டார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறாராம். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார். ஊரில் இருக்க மாட்டேன் என்று சொல்லி வைத்தேன். அதோடு நின்றேனா? வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்று, அன்றைக்கே செடியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன். அப்புறம் அதன் முகத்தில் விழிக்கக் கூச்சம். தள்ளி நின்று டியூபால் தண்ணீர் அடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

செடியை நகர்த்தியது ஒரு திங்கட்கிழமை. அடுத்த வாரம் வியாழன் காலை காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எண்ணிப் பாருங்கள்... பத்து நாள்.

குழுவில் வேளாண்மை படித்த ஒருவர் இருக்கிறார். போட்டோ அனுப்பினேன். இலை வெட்டும் வண்டு என்று உடனே பதில் போட்டார். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்: "அது கொழுந்தைத்தாங்க வெட்டும். இது முத்தின இலை. அதுவும் இப்படி ஒரே அளவா வெட்டாது. தெரியலீங்க."

மாடிக்கே திரும்பிப் போனேன். ஒரு காம்பைத் தொட்டேன். உதிர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் ஜாஸ்தியாக இருந்தது.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அன்னிக்கே ஒண்ணு புடிச்சுது. என்கிட்டதான் இருக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எப்படி இருக்குது?" என்றார்.

"மூணு கிளை விட்டிருக்குக்கா."

"சனிக்கிழமை காலைல வரேன்."

வந்தார். பஸ் களைப்போடு நேராக மாடி ஏறினார். மொட்டைக் கிளையைப் பற்றி நான் போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செடி முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை நீட்டி, நுனியில் இருந்த அந்த ஒற்றை இலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"இத யாரு பண்ணது?"

"தெரியலக்கா. கதவு பூட்டியிருந்துது."

அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உதறலாக இருந்தது. உயிரோடு இருக்கும் புருஷனைப் பற்றி அலுத்துக்கொள்வது போல, "எப்பவும் இப்படித்தான். ஒரு எலைய உட்டு வெப்பாரு" என்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "செடிய நான் எடுத்துக்கறேன். இந்தக் கிளைய நீ வெட்டிக்கோ. உனக்குத்தான் ரெடி பண்ணி வெச்சிருக்காரு."

"அவருக்கு என் மேல கோவம் இல்லையாக்கா?"

"கோவம் இருந்தா மூணு கிளையையும் இல்ல எடுத்திருப்பாரு?"

வெட்டினேன். இரண்டு குச்சிதான் தேறியது. அவசரத்தில் கத்தி ஒருமுறை விரலில் பட்டது. இந்த முறை நாளைக்கு என்று வைக்கவில்லை. அக்கா காபி குடித்து முடிப்பதற்குள் இரண்டு நாற்றுகளில் கட்டி, தொப்பியும் மாட்டிவிட்டேன். வீட்டுக்காரர் செடியை ஆட்டோவில் ஏற்றினார். அக்கா அதை மடியோடு அணைத்துக்கொண்டு போனார்.

இரண்டும் பிடிக்குமா என்று தெரிய இன்னும் மூன்று வாரம் ஆகும். பிடித்தால் ஒன்று குழுவுக்கு. சொல்லிவிட்டேன்.

மாடிக் கதவை மட்டும் இப்போது பூட்டுவதில்லை. பூட்டி என்ன ஆகப்போகிறது?