சுவரைத் தொட்டுப் பார்த்தவள்

ஆமத்தூருக்குத் தெற்கே கரட்டுத்தெரு என்று நாற்பத்தாறு வீடுகள் இருந்தன. மூன்று பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள், நாலாவது பக்கம் கண்மாய். அந்த வீடுகளை அங்கிருந்து எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைக்கத் திட்டம் எழுதிய தாலுகா ஆபீஸ் ஆட்களில் நானும் ஒருவன். 'எடுத்து வைப்பது' என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம், என்னவோ பீரோவை நகர்த்துகிற மாதிரி.

கணக்கெடுக்கப் போன முதல் நாளில் பஞ்சம்மாளைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயது. பதினேழு வயதில் கம்பெனிக்குள் போனவள். காகிதக் குழாய்களில் மருந்து செலுத்துகிற வேலை. இந்தப் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குப் போடுவது மாத்திரை. இடது கையில் இரண்டு விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதற்கு முந்தின வருஷம் தெருவை ஒட்டிய கம்பெனி ஒன்று வெடித்ததில் அவளுடைய ஒரே மகன் பிரபாகரன் போய்விட்டான். மருமகள் வேல்விழி அப்போது மாசமாக இருந்தாள். பிறகு பிறந்த பேத்திக்கு எழில் என்று பெயர்.

அன்று பஞ்சம்மாள் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள். கூப்பிட்டவள் உடனே நுழையவில்லை. வாசல் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றாள். மூக்கை உறிஞ்சி ஒரு தரம் மோந்து பார்த்தாள். அதற்கப்புறம்தான் காலை உள்ளே வைத்தாள். அடுத்த வீட்டிலும் அப்படியே, அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. தெருவில் ஒரு சத்தமில்லை.

"சாமி கும்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "சாமியுமில்ல, பூதமுமில்ல சார். கலந்த மருந்துல ஈரம் பட்டுச்சுன்னா தன்னால சூடாகும். மொதல்ல மூத்திர வாடை அடிக்கும். அதுக்கப்புறம் சொவரு சுடும். அதுக்கப்புறம் பாக்குறதுக்கு ஆளு இருக்காது."

"வீட்டுக்குள்ள எப்படிம்மா மருந்து வரும்?"

சிரிப்பு நின்றுபோனது. "தண்ணி குடிக்கீகளா சார்?" என்று உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி மூடியிருக்கும் மாசங்களில் வயிற்றுப்பாட்டுக்காக, கோயில் கொடை விழாக்களுக்குத் திருட்டுத்தனமாக வெடி சுற்றிக் கொடுக்கிறார்கள். சீசனில் மிஞ்சும் மருந்து வீட்டில் தூங்குகிறது. என்னுடைய படிவத்தில் ஓட்டு வீடா, ஓலை வீடா, ஆடு எத்தனை, மாடு எத்தனை என்று முப்பத்தெட்டுக் கேள்விகள் இருந்தன. இதற்கு ஒரு கேள்வி இல்லை. இல்லாத கேள்விக்கு எதற்குப் பதில் என்று தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இடமாற்றக் கூட்டத்தில் பெண்கள் தரப்பு உறுப்பினராகப் பஞ்சம்மாளைப் போட்டோம். மகனைப் பறிகொடுத்தவள், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும் என்று எங்கள் அதிகாரி நினைத்தார். கூட்டத்தின் கடைசியில் அவர் "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றபோது அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். நான் பைலைப் புரட்டினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னாள். "சொன்னா நாளைக்கே போலீசு வரும் சார். ஆம்பளைகளை அள்ளிட்டுப் போவாக. பட்டாவும் கெடைக்காது. சொல்லாட்டி எம் பேத்தி படுக்குற எடத்துல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. அதனால நானே பாத்துக்கிடுதேன்."

அவள் பார்த்துக்கொண்ட விதம் இது. ஊரைக் காலி செய்கிற அன்று காலையில் வீட்டுக்கு ஒருவரைக் கருப்பசாமி கோயிலுக்கு வரவழைத்தாள். தட்டில் சூடம் எரிந்தது. ஒவ்வொருவராக வந்து, மிச்சமிருந்ததைக் கண்மாயில் கரைத்துவிட்டேன், புது இடத்துக்குக் குந்துமணி அளவும் கொண்டுபோகவில்லை என்று சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அணைய அணைய அவள் புதுச் சூடம் வைத்தாள். தன் வீட்டுக்குத் தானே அணைத்தாள். நாற்பத்தாறு தடவை. பேச்சு கேட்காத தூரத்திலிருந்து பார்த்த நான், குலசாமியிடம் விடைபெறுகிறார்கள் என்று நினைத்து, புது இடத்தில் கோயிலுக்கு மூன்று சென்ட் ஒதுக்கலாம் என்று அறிக்கையில் எழுதினேன். என் புத்தி அவ்வளவுதான்.

புது இடம் சாத்தூர்ப் பக்கம், பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல். எல்லா வீட்டுக்கும் ஒரே நீலம், ஒரே கதவு, ஒரே ஜன்னல். குலுக்கல் போட்டுக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் திசைக்கொருவராகச் சிதறிப்போனார்கள். வந்து ஒரு மாசமாகியும் எந்த வீட்டில் யார் என்று அவர்களுக்கே குழப்பம். அங்கே போகும்போதெல்லாம் எனக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும். பட்டப்பகலில் குசுகுசுவென்று பேசினார்கள். யாரும் கதவை அறைந்து சாத்தவில்லை. ஒருநாள் பிள்ளை ஒன்று டப்பாவைத் தட்டி விளையாடியதற்கு இரண்டு பெண்கள் ஓடிவந்து பிடுங்கினார்கள். பழைய பயம் இன்னும் போகவில்லை, போகப் போகச் சரியாகும் என்று அதிகாரியிடம் சொன்னேன்.

தீபாவளி முடிந்து கம்பெனிகளை மூடியிருந்தார்கள். நாலு நாளாக விடாத மழை. பெரிய ஆட்கள் திங்கட்கிழமை பார்வையிட வருவதாக இருந்ததால் ஞாயிறு மத்தியானம் ஒதுக்கீட்டுப் பட்டியலோடு வீட்டு எண்களைச் சரிபார்க்கப் போயிருந்தேன். பஞ்சம்மாள் வீட்டுக்குள் நடந்ததை அவள் பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

இரண்டு நாளாக வீட்டில் மூத்திர வாடை. முப்பத்தாறு வருஷம் மருந்தோடு கிடந்த மூக்கு அது. ஆனால் வீட்டில் ஒன்றரை வயசுப் பிள்ளை. மழையில் காயாத அதன் துணிகள் குறுக்கே கட்டிய கொடியில் தொங்கின. பிள்ளை மூத்திரம் என்றே நினைத்துவிட்டாள். துணியை ஒழுங்காக அலசவில்லை என்று மருமகளைத் திட்டவும் செய்தாள். ஞாயிறு காலையில் தானே எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்து வெளித் தாழ்வாரத்தில் போட்டாள். மத்தியானம் உள்ளே வந்தபோதும் வாடை இருந்தது.

சுவரில் கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. நாங்கள் கட்டிக் கொடுத்த கூரை ஒழுகி, பரணை நனைத்துக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரண் பலகையைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. போர்வைகளுக்குப் பின்னால் ஒரு தகர டின். கீழே, அதற்கு நேராக, எழில் வாயில் விரலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, என்னது இது?"

வேல்விழிக்கு முகம் வெளுத்துவிட்டது. "லீவு மாசத்துக்கு சோத்துக்கு எங்கன போறது அத்தே? ஒங்க மகன் இருக்காரா கொண்டாந்து கொட்ட?"

"அவனைக் கொன்னதே அதுதானட்டி!" பிள்ளையை வாரி மருமகள் கையில் திணித்து, இரண்டு பேரையும் வாசலுக்குத் தள்ளினாள்.

இனி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தலை அவிழ்ந்து கிடக்க அவள் தெருவில் ஓடிவந்தாள். "சூடாயிருச்சு! சூடாயிருச்சு! வெளிய வாங்க!" எந்த வீட்டில் என்று சொல்ல அவளுக்கு நினைவில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாததால் பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியவில்லை.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை. ஒரு பெண் வாளி ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். எதிர் வீட்டுத் தங்கச்சாமி துணிமூட்டையைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு டின். அதற்குப் பின்னால் ஒரு பானை. வெறுங்காலோடு, அடிமேல் அடி வைத்து, தூறலில் வரிசையாக என்னைக் கடந்துபோனார்கள். சூடானது தன் வீட்டு மருந்துதான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். கடைசி வரிசைக்கு அப்பாலிருந்த பொட்டலில் எட்ட எட்ட இறக்கி வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இந்த முப்பத்தொன்றுக்கும் நடுவில்தான் ஒரு மாசமாக நான் டீ குடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பஞ்சம்மாள் வீடு அப்போதுதான் வெடித்தது. கூரை எழும்பி விழுந்தது. தெரு முழுக்க வெளியே இருந்ததால் ஓர் உயிருக்கும் சேதமில்லை.

ஒரு மணி நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்தது, போலீஸ் வந்தது, எங்கள் அதிகாரியும் வந்தார். "யார் யார் வச்சிருந்தது? பேர் எழுதுங்க" என்று என் கையிலிருந்த பட்டியலைக் காட்டினார். வேல்விழியின் உதடு அசைந்தது. பஞ்சம்மாள் அவளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே வந்தாள்.

"கருப்பசாமி முன்னால எங்க வீட்டுக்குச் சத்தியம் பண்ணுனது நான். மொதல்ல எம் பேரை எழுதுங்க சார். எழுதிட்டு, கூட்டத்துல கேக்காம உக்காந்ததை இப்பக் கேக்கேன். எங்களை அம்புட்டுப் பேரையும் தூக்கிட்டு வந்தீகளே, கம்பெனி மூடுற மாசத்துக்கு இங்கன என்ன வேலை வச்சிருக்கீக?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் குனிந்து பஞ்சம்மாளின் பெயரை எழுதினேன். அதற்கு அடுத்த வரியில், முதல் நாளே தெரிந்துகொண்டு தண்ணீர் குடித்துவிட்டு வந்த என் பெயரை எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது தங்கச்சாமியின் பெயரை.