கார் போக விட்ட இடைவெளி

அந்த ஓவர்சியருக்கு முதுகெலும்பு வைக்க ஆண்டவன் மறந்துவிட்டான் போலும். மேலதிகாரி தும்மினால் இவர் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கும்பிடு போட்டே காலம் தள்ளி, கடைசியில் ஆற்றங்கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டும் பொறுப்புக்கு வந்து சேர்ந்தார்.

பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் நகரம் என்று பெரிய பெயர் வைத்து, ஊர்ப் பணத்தையெல்லாம் கொட்டிய திட்டம் அது. சுவரை ஒட்டிய தெருவில்தான் ஓவர்சியருடைய அக்காவின் தையல் கடை. போன வெள்ளத்தில் எல்லாம் போய், தொழில் மீட்புத் திட்டத்தில் கிடைத்த நாலு மிஷின்களை வைத்து அவள் மறுபடி தலைதூக்கியிருந்தாள். இன்னொரு முறை தண்ணீர் வந்தால் எழுந்திருக்கத் தெம்பில்லை என்று வாய்விட்டே சொல்வாள்.

சுவரை நன்றாகத்தான் கட்டினார்கள். ஆனால் ஓரிடத்தில் மட்டும் கார் நுழையும் அகலத்துக்கு இடைவெளி விட்டு வைத்தார்கள். திறப்பு விழா மேடை ஆற்றுப் பக்கம் இருந்தது. அமைச்சரின் கார் அதுவரை போக வேண்டுமாம், அவர் வந்து போன பிறகு அடைத்துக்கொள்ளலாமாம். வெள்ளத் தடுப்புச் சுவரில் வெள்ளத்துக்கே வாசல் வைத்த மூளையை எந்தக் கோயிலில் வைத்துக் கும்பிடுவது? அமைச்சரோ தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்.

"மழை பிடிச்சுக்கிச்சு தம்பி. அதை அடைச்சிடுடா" என்றாள் அக்கா.

"விழாவுக்கு முன்னாடி அடைச்சா என் வேலை போயிடும்க்கா. மேல கேட்டுச் சொல்றேன்."

கேட்கவே இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம்.

ஆறு பொங்கியது. சுவர் அசையாமல் நின்றது, வாசல் வழியாகத் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. இரும்புக் கால் வைத்த மிஷின்களை ஆள் பிடித்துத் தூக்குவதற்குள் எல்லாம் முழுகிவிட்டன. ஓவர்சியரும் அடித்துப் பிடித்து ஓடி வந்தார். அக்கா கடைக்கு அல்ல, மேடைப் பந்தல் என்னவாயிற்று என்று பார்க்க.

தண்ணீர் வடிந்ததும் அமைச்சருக்கு நேரம் கிடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்லி, அப்படியே சுவரையும் திறந்து வைப்பாராம். சூடு சொரணை இல்லாமல் அதே இடத்தில் பந்தல் போட்டார்கள்.

விழா அன்று காலையில் ஓவர்சியர் வந்து பார்த்தால், வாசல் அடைபட்டிருந்தது. அடியில் துருப்பிடித்த நாலு மிஷின்கள், மேலே மண் மூட்டைகள். தெருக்காரர்கள் இன்னும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் அக்கா நின்றாள்.

"உன் காலைப் பிடிக்கிறேன்க்கா, எடுத்திடு. கார் எப்படிப் போகும்?"

"கால் இருக்குல்ல? நடந்து வரச் சொல்லு."

"என் மானமே போயிடும்க்கா!"

"என் பொழப்பே போச்சேடா. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டியா?"

தெருமுனையில் ஹாரன் அடித்தது. கூடப் பிறந்தவளை அங்கேயே விட்டுவிட்டு அவர் காரை நோக்கி ஓடினார்.