முதல் பந்தியில் பஷீரா

சக்கரபாணி போன் செய்தது கூனிமேட்டுப் பிரியாணி பஷீராவுக்குத்தான், கூடப் படித்த பஷீராவுக்கு இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறதாம், மரக்காணத்தில் கல்யாண மண்டபம் பிடித்திருக்கிறார்களாம், அந்த பேட்ச்சில் படித்தவர்கள் எல்லாரும் கூடுகிறார்களாம், மதியத்துக்குப் பிரியாணி வேண்டுமாம். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயரான மனுஷர், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பஷீரா முழுசாகச் சொல்லவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நானும் வரணுமே," என்றாள். "ரெண்டாவது பெஞ்ச், அருள்மேரி பக்கத்துல. நீதானே கிளாஸ் லீடர்? பேசுனவங்க பேரை போர்டுல எழுதுவியே, தினமும் முதல்ல என் பேருதான் இருக்கும்."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "பஷீராவா நீ? அப்ப கூடப் படிச்சவன்னு பாத்து கறி தாராளமா போடு. குரூப்புல உன்னைச் சேத்துடுறேன்."

கறி விஷயத்தை மட்டும் ரெண்டு தடவை போன் செய்து ஞாபகப்படுத்தினார். குரூப்பில் சேர்ப்பது மறந்துவிட்டது. பஷீரா தினமும் காலையில் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். வேறு எதற்கும் அவள் அப்படிக் காத்திருந்ததில்லை.

இதில் ஷார்ஜாவிலிருந்து மகன் ஜமீல் வேறு. "அம்மா, ரெண்டுல ஒண்ணு பண்ணு. விருந்தாளியா போனா நல்ல புடவை கட்டிக்கிட்டுப் போய் உக்காரு. சமைக்கப் போனா சமைச்சுக் குடுத்துட்டு வந்துடு. கரண்டியோட போய் அவங்க நடுவுல நிக்காத. என் மாமனார் வீட்டு ஆளுங்ககூட அந்த பேட்ச்சுல இருக்காங்க."

"யோசிக்கிறேன்பா," என்று போனை வைத்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பயல் ஷார்ஜாவுக்குப் போன டிக்கெட்டே பிரியாணி வேகிற தேக்சாவின் அடியிலிருந்து வந்ததுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் பெற்றவளுக்கு அழகில்லை என்று விட்டுவிட்டாள்.

பத்தாவதில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியவள் பஷீரா. டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று ஆசை. அத்தா உப்பளத்து லாரிக்காரர்களை நம்பி டீக்கடை வைத்திருந்தவர், அடுத்தடுத்துப் பெண்கள், அந்த வருஷமே நிக்காஹ் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை ஹபீப் முஹம்மது சவுதியில் தம்மாமுக்கு டிரைவராகப் போனார். முதுகுத் தண்டு விலகி, பெல்ட் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். குழந்தைகளுக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. பஷீரா கல்யாண வீடுகளுக்கு மசாலா அரைக்கப் போனாள், அரைத்துக்கொண்டே பிரியாணி சமைக்கிற பண்டாரிகளின் கையைப் பார்த்துப் படித்தாள்.

ஒரு கல்யாணத்தில் பண்டாரி வரவில்லை. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு தேக்சாவின் முன்னால் நின்றாள். பள்ளிவாசல் நிர்வாகத்துப் பெரியவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. பொம்பளை ஆண்கள் பக்கம் வந்து மூடியைத் திறந்து தம் உடைப்பதாவது என்று, தன் ஆளை அனுப்பித் திறக்க வைத்தார். அவசரக்குடுக்கை, நேரம் ஆகும் முன்பே திறந்துவிட்டான். மேல் அரிசி அரைவேக்காடு. பழி முழுக்க பஷீரா தலையில் விழுந்தது. பொம்பளை சமைத்தால் இப்படித்தான் என்று வானூர் வரைக்கும் பேசினார்கள்.

அழுதாள், ஆமாம். ஒரு ராத்திரி அழுதாள். காலையில் எழுந்து ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்: தம் போட்டவள்தான் தம் உடைப்பாள். ஆண்கள் பக்கமோ பெண்கள் பக்கமோ, அவள் வந்து மூடியைத் தொடும்வரை யாரும் தொடக்கூடாது. சம்மதமில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். வேறு ஆளைப் பார்த்தார்கள். பிறகு கிளியனூரில் ஒரு வீட்டார் வந்தார்கள், அப்புறம் கோட்டக்குப்பத்திலிருந்து. கடைசியில் அந்தப் பெரியவர் வீட்டுப் பேத்தி கல்யாணத்துக்கே அவள்தான் தம் உடைத்தாள். பெரியவர் தட்டோடு வரிசையில் நின்றார்.

ஹபீப் முஹம்மது இத்தனை வருஷமும் உட்கார்ந்த இடத்தில் வெங்காயம் உரித்தார். பொண்டாட்டிக்கு வெங்காயம் உரிக்கிறவன் என்று கடைத்தெருவில் கிண்டல் செய்தால், "உங்க வீட்ல உரிக்கிறதுக்கு ஏதாச்சும் இருந்தா குடு, அதையும் உரிச்சுத் தர்றேன்," என்பார். அந்த மனுஷர்மேல் பஷீராவுக்கு அப்படி ஒரு பிரியம்.

விழா அன்று காலையில் அவள் பெட்டியிலிருந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினாள். மகள் ஹம்னாவின் நிக்காஹுக்கு எடுத்தது.

"பட்டைக் கட்டிக்கிட்டா அடுப்புல நிக்கப் போற?" என்றார் ஹபீப்.

"ஏங்க, வேற யாரு நிக்கப் போறாங்க?"

மண்டபத்துப் பின்பக்கம் அடுப்பு. முன்பக்கம் மைக். ஆளுக்கு ஆள் மேடையேறி என்னவாக இருந்தோம் என்று சொன்னார்கள். தாசில்தார், ஹெட்மாஸ்டர், மின்வாரியத்தில் இன்ஜினியர், உப்பளம் குத்தகைக்கு எடுத்தவர். எல்லாரும் சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தார்கள். ஜிப்மரில் நர்ஸாக இருந்த அருள்மேரி மட்டும் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். பஷீராவைக் கட்டிப்பிடித்தாள், பஷீராவின் அட்டை எங்கே என்று கேட்டாள்.

"எனக்குப் போடல," என்றாள் பஷீரா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தணலைக் கிளறினாள். ஒரு அட்டைக்கா இவ்வளவு என்று அவளுக்கே கோபம் வந்தது. அருள்மேரிக்கு இன்னும் அதிகமாக வந்தது.

அரிசியைக் கொட்டி, மூடி வைத்து, ஓரத்தில் மைதா மாவு பூசி, மேலே தணலைப் பரப்பினாள் பஷீரா. பக்கத்தில் நாற்காலி போட்டு ஹபீபை உட்கார வைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் கரி பட்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை. அருள்மேரியோடு நேராக மண்டபத்துக்குள் போனாள்.

உள்ளே போட்டோவுக்கு நாற்காலி வரிசை போட்டிருந்தது. பஷீரா முன்வரிசையில் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அது சக்கரபாணிக்கு வைத்த நாற்காலி என்று பிறகுதான் தெரிந்தது, தெரிந்திருந்தாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

சக்கரபாணி குனிந்து மெதுவாகச் சொன்னார். "பஷீரா, எல்லாரும் பசியோட இருக்காங்க. நீ போய் சாப்பாட்டைப் பாரு. நாங்க போட்டோவை முடிச்சுட்டு வந்துடுறோம்."

"நாங்கன்னா யாரு?"

"இல்ல, பேட்ச்..."

"நானும் அதே பேட்ச்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு தானே பின்பக்கம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "உன் வீட்டுக்காரர் மூடியைத் தொட விட மாட்டேங்கிறார்."

"விட மாட்டாரு. தம் உடைக்கணும்னா நான் எந்திரிக்கணும். நான் எந்திரிக்கணும்னா போட்டோ எடுக்கணும். அதுக்கு முன்னால நான் மைக்ல பேசணும். எல்லாரும் பேசுனீங்கல்ல?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், தாசில்தாராக இருந்தவர் கைதட்டினார். அருள்மேரி மைக்கையே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சக்கரபாணி ஓர நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பஷீரா எழுந்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள். டீச்சர் டிரெயினிங், தம்மாம், அரைவேக்காட்டு அரிசி. அதெல்லாம் இவர்களுக்கு எதற்கு என்று தோன்றியது. "நான் பஷீரா, கூனிமேடு. நீங்க எல்லாரும் ரிட்டயர் ஆயிட்டேன்னு சொன்னீங்க. நான் ஆகல. இந்த ஊர்ப் பக்கம் எத்தனையோ கல்யாணத்துக்கு நான்தான் தம் போட்டேன், நான்தான் உடைச்சேன். யாரையும் உடைக்க விட்டதில்ல. அவ்ளோதான்."

போட்டோ எடுத்தார்கள். அருள்மேரியின் போனிலிருந்து ஒன்றை வாங்கி, கூடவே குரலையும் பதிந்து ஜமீலுக்கு அனுப்பினாள் பஷீரா. "ரெண்டுல ஒண்ணு பண்ணச் சொன்னியேப்பா. முந்தானையில இருக்கிற கரியையும் பாத்துக்க, உக்காந்திருக்கிற நாற்காலியையும் பாத்துக்க. ரெண்டும் உங்க அம்மாதான்."

பிறகு போய் பிஸ்மில்லாஹ் சொல்லி தம் உடைத்தாள். ஆவியும் வாசனையும் மண்டபத்து வாசல்வரை போனது. எந்த விருந்திலும் சமைத்தவள் கடைசியில்தான் சாப்பிடுவாள், இத்தனை வருஷமாக அதுதான் வழக்கம். பஷீரா கரண்டியை ஹபீபிடம் கொடுத்துவிட்டு, முதல் பந்தியில் அருள்மேரி பக்கத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பரிமாற ஆள் பற்றவில்லை. சக்கரபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கி வந்தார். பஷீராவின் இலை முன்னால் வந்து தயங்கி நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கூடப் படிச்சவன்னு பாத்து," என்றாள், "கறி தாராளமா போடு."