ஆர்மோனியம் மட்டும் வாசிக்கிறேன்

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அக்கா என்னைக் குருத்வாராவுக்குக் கூப்பிட்டது பாடுவதற்கு அல்ல, ஆர்மோனியம் வாசிப்பதற்கு. பாடக் கூப்பிட்டிருந்தால் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தியிருப்பேன். எனக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கழுத்தில் தையல் தடம் மங்கிவிட்டது, குரல் மட்டும் திரும்பவில்லை. பேச முடிந்தது. பாட வாயைத் திறந்தால், மேலே ஏறும் வழியிலேயே குரல் உடைந்து வெறும் காற்றாகப் போனது. நரம்பு அடிபட்டிருக்கிறது, பேச்சு சரியாகிவிடும், பாட்டுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றார் மருத்துவர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எழுந்து அறையலாமா என்று இருந்தது.

இருபத்தைந்து வருடம் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடையின் மாடியில் கர்நாடக சங்கீத வகுப்பு நடத்தியவள் நான். அந்த வகுப்பை என்னிடம் படித்த ஒருத்தியிடமே ஒப்படைக்க வேண்டியதாயிற்று. “டீச்சர், நீங்க சும்மா வந்து உட்காருங்க, அது போதும்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். சும்மா உட்கார நான் என்ன கொலு பொம்மையா? அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. இனிமேல் பாடுவதில்லை என்று வீட்டில் அறிவித்தேன். என் கணவர் சரி என்று சொல்லிவிட்டார். மனிதர் ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம்.

அக்கா ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிறு வயதில் ரயில்வே குடியிருப்பில் தமிழர்களோடு வளர்ந்தவர் என்பதால் அவருடைய தமிழில் என் தமிழைவிடக் குசும்பு அதிகம். புதன்கிழமை காலைகளில் குருத்வாராவில் பெண்கள் ஒரு குழுவாகப் பாடுவார்கள். அந்தக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்த அம்மாள் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியா போய்விட்டார்.

“ஆறு மாசத்துக்கு வர மாட்டா. உங்களுக்குப் பெட்டி வாசிக்கத் தெரியும்தானே டீச்சர், வாங்கலா.”

“நான் பாட மாட்டேன்க்கா.”

“யாரு உங்களப் பாடச் சொன்னா?”

அக்காவின் கணவர்தான் எங்களை, நாங்கள் குடியிருந்த பூச்சோங்கிலிருந்து காரில் கூட்டிப் போவார். தலைப்பாகை கட்டிய, ஆறடி உயர மனிதர்; அவருக்கும் தமிழ் வரும். வழி முழுக்க எந்தக் கடையில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, நன்றாக இருக்கும் என்பதுதான் பேச்சு. அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டேன். முதல் நாள் கால்களைக் கழுவி, தலையில் துணியைப் போட்டு உள்ளே போனேன். பிரசாதம் கொடுத்தவரிடம் நம் பழக்கத்தில் வலது கையை மட்டும் நீட்டினேன். “ரெண்டு கையும் டீச்சர்” என்று அக்கா காதருகே சொன்னார். நெய் வடியும் சூடான கோதுமை அல்வா இரண்டு உள்ளங்கைகளிலும் வந்து விழுந்தது.

குழுப் பெண்கள் முதலில் புனித நூலின் வரிகளைப் பாடுவார்கள். வரிகள் சுவரில் பெரிய திரையில் ஓடும். கடைசியில் இறைவனின் பெயர் சொல்லும் நேரம். வாஹேகுரு என்ற ஒரே சொல். அக்கா ஒரு முறை பாட, சபை ஒரு முறை திருப்பிப் பாடும். நாலே நாலு ஸ்வரம், ஏறி இறங்கும். அதையே கால் மணி நேரம் பாடுவார்கள். இதில் வாசிக்க என்ன இருக்கிறது, முதல் வருடத்துப் பிள்ளைக்கே போதும் என்று எனக்குத் தோன்றியது. கை சும்மா இருக்குமா? இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் ஸ்வரங்களைக் கொட்டினேன். ராகத்தைக் கொஞ்சம் விரித்தேன். கடைசியில் நம் கச்சேரி வழக்கப்படி ஒரு கோர்வையை மூன்று முறை அடுக்கி, சரியாகக் கொண்டுவந்து நிறுத்திக் கையை எடுத்தேன். மூன்றாவது முறை முடிந்தால் பாட்டு முடிந்தது என்பது நம் ஊரில் தூங்கி வழிபவருக்கும் தெரியும். கை தட்டுவார்கள்.

அங்கே யாரும் நிறுத்தவில்லை. நான் கையை எடுத்தது தெரிந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளாமல் அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனார்கள். அசடு வழிய மறுபடி கட்டைகளைத் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டேன்.

பிறகு கீழே சாப்பாட்டுக் கூடத்தில் தேநீர் குடிக்கும்போது, குழுவில் டோலக் வாசிக்கும் பாட்டியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மலாயில்தான் பேசினார். நீ மிக நன்றாக வாசிக்கிறாய் என்றார். எனக்குள் ஒரு பூரிப்பு. உன்னையே கேட்டுக்கொண்டிருந்ததில் நான் பெயர் சொல்ல மறந்துவிட்டேன் என்று அடுத்து சொல்லிவிட்டு, தட்டிலிருந்த சப்பாத்தியைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தார். அவர் திட்டவில்லை, நடந்ததைச் சொன்னார்.

திரும்பும் வழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அக்காவிடம் கேட்டேன்.

“வாஹ்னா நம்ம அடடா மாதிரி. ஒண்ணப் பாத்து அசந்து போய்ச் சொல்றோம்ல, அது. குருன்னா உங்களுக்கே தெரியும்.”

“எத்தன தடவ சொல்லணும்?”

“அசந்து போறதுக்குக் கணக்கு வச்சா சொல்லுவாங்க?”

அன்று இதை விளையாட்டுப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். வாரா வாரம் உட்கார்ந்து வாசிக்க வாசிக்கத்தான் கொஞ்சம் பிடிபட்டது. நம் இசையிலும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதில் இன்னும் என்ன செய்ய முடியும் என்று காட்டுவதற்காகப் பாடுகிறோம். இவர்கள் எதையும் காட்டத் தேவையில்லாத ஓர் இடத்துக்குப் போவதற்காகப் பாடுகிறார்கள். ராகம் அவர்களுக்கு அந்தச் சொல்லை ஏற்றிப் போகும் வண்டி, அவ்வளவுதான். வண்டி அலங்காரமாக இருந்தால் ஆட்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். நான் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக விட்டுக் கடைசியில் அந்த நாலில் வந்து நின்றேன். எனக்குப் பக்தி பொங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய். புதன்கிழமை காலைகளில் மட்டும் மருத்துவர் மேல் கோபம் வரவில்லை, அது உண்மை.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் பாட, நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு துருத்தியை அழுத்தினேன். அண்ணன் ஆண்கள் பக்கத்தில், கடைசிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஸ்ருதிக்குச் சம்பந்தமே இல்லாமல் உரக்கப் பாடுவார். எனக்குப் பல் கூசும். ஒரு நாள் காரில் அவரே கேட்டார்.

“டீச்சர், நீங்க ஏன் சொல்றதே இல்ல?”

“குரல் போச்சுண்ணே.”

“எனக்கு எப்பவுமே இருந்ததில்ல. நான் நிறுத்திட்டனா?”

அக்கா சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூச்சோங் வரை ஜாமில் நின்ற வண்டிகளையே முறைத்துக்கொண்டு வந்தேன். இல்லாதவனுக்கு இழப்பைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் பொருமினேன்.

ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை, பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. அக்கா தாதியாக இருந்தவர், தரையில் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. என் கணவர்தான் பிடித்து விலக்கினார்.

இறந்த அண்ணனுக்காகப் புனித நூலை முழுவதும் வாசித்து முடிக்கும் நாளில் குருத்வாரா நிறைந்திருந்தது. பெரிய பாடகர்கள் பாடி முடித்த பிறகு, பெயர் சொல்லும் நேரத்தைப் பெண்கள் குழுவுக்குக் கொடுத்தார்கள். அக்கா பாட வேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம். “அவருக்கு நான்தான் சொல்லணும்” என்று மைக்கின் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்தேன்.

வழக்கம்போல ஆறு கட்டை ஸ்ருதியில் எடுத்தார். பெண்களுக்கே அது உயரம், அக்காவுக்கு அதுதான் வசதி. இரண்டு சுற்று ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. தோள் குலுங்கியது. சபை பதில் சொல்லக் காத்திருந்தது. ஒரு விதவையின் வாயிலிருந்து அந்த வரியை எடுத்துக்கொள்ள எங்கள் குழுவில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். டோலக் பாட்டியம்மாள் மெதுவாகத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் அந்த நாலு ஸ்வரத்தையும் வாசித்தேன். மறுபடி வாசித்தேன். ஆர்மோனியத்துக்கு ஸ்வரம் தெரியும், பெயர் சொல்லத் தெரியாது.

நான் வாயைத் திறந்தேன். ஆறு கட்டையில் இரண்டாவது அசையிலேயே குரல் கிழிந்தது. மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. என் உடம்பெல்லாம் கூசியது. பின்வரிசையில் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டது தெரிந்தது. எழுந்து ஓடியிருப்பேன், ஆனால் அக்கா என் முந்தானை நுனியைப் பிடித்திருந்தார்.

விரல்கள் தாமாகக் கீழே போயின. மூன்று கட்டையில் நின்றன. நடுப் பாட்டில் ஸ்ருதியை மாற்றிய பிள்ளையை நான் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். அதையே நான் செய்தேன். அறுவை சிகிச்சை எனக்கு மிச்சம் வைத்த அந்தக் கரகரப்பில், அடித் தொண்டையில், வாஹேகுரு என்று பாடினேன்.

சபை பதில் சொன்னது. ஆறு கட்டையில் அல்ல. மணி போன்ற குரல்காரிகள் தாடையைத் தாழ்த்தி, வசதியே இல்லாத அந்த ஆழத்துக்கு வந்து சொன்னார்கள். மேலே ஒரு குரலும் தங்கி நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தோளருகே அக்காவின் குரலும் அழுகையோடு கீழே வந்து சேர்ந்தது.

எத்தனையோ பிள்ளைகளை அதட்டி என் ஸ்ருதிக்கு ஏற்றியிருக்கிறேன். எனக்காக யாரும் இறங்கி வர வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று ஒரு மண்டபமே, நான் கேட்காமல், என் உடைந்த குரல் இருந்த இடத்துக்கு இறங்கி வந்தது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்து சொல்ல வேண்டியவள் நான் என்பதால் அழாமல் பாடினேன்.