ஃபிலோ அக்கா கேட்ட முதல் பக்கம்

ஃபிலோ அக்கா போய்விட்டார்.

நேற்றுக் காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். அவருடைய தங்கை ரீட்டா அக்கா கோல் எடுத்தார். "தங்கச்சி... அக்கா போயிட்டா." 

அடுத்த ஹோல்ட்டில் இறங்கி, அக்காவின் ஊருக்குப் போகிற எஹலியகொட பஸ்ஸைப் பிடித்தேன்.

இதை வாசிக்கிற நிறையப் பேருக்கு அவரைத் தெரியாது. கண் தெரியாதவர்களுக்கு ஃபோன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற இலவச சொஃப்ட்வெயார், அதன் தமிழ் வழிகாட்டியைச் சம்பளம் இல்லாமல் எழுதிச் சாகிறோம் என்று அடிக்கடி இங்கே புலம்புவேனே... அந்தக் குழுவில் ஃபிலோ அக்காவும் ஒருவர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இரத்தத்தில் சீனி கூடி, அந்த வருத்தம் கண்ணைக் கொண்டுபோய்விட்டது.

வழிகாட்டி அப்போது குப்பை மேடு. ஆளுக்கொரு பக்கம் எழுதி ஆளுக்கொரு மூலையில் போட்டிருந்தோம். எல்லாவற்றையும் பிரித்து ஒழுங்காக அடுக்க ஒரு ஸூம் மீட்டிங்.

முதல் பக்கம் எது? அறிமுகம் என்றார் ஒருவர். இன்ஸ்டால் செய்வது என்றேன் நான். லைசன்ஸ் என்றது ஒரு மகா மேதாவி.

அக்கா குறுக்கே வந்தார். "அதெல்லாம் பொறவு போடுங்க. இந்தச் சனியனோட வாய எப்படி மூடுறதுன்னு மொதல்ல போடுங்க."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"எங்க லயத்துல வீடெல்லாம் வரிசையா ஒட்டி ஒட்டி இருக்கும், நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாது, தெரியுமா?" என்று தொடங்கினார்.

அவருடைய ஒரே மகள் ஜெனி வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். அக்கா இந்த சொஃப்ட்வெயாரைப் போட்ட புதிதில் அவளிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. 'அம்மா, இங்க என்னய அடிக்கிறாங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க.'

ஃபோன் அதை முழுச் சத்தத்தில் வாசித்தது. திரும்பத் திரும்ப. நிறுத்தத் தெரியவில்லை.

"அரிசிச் சாக்குக்குள்ள போட்டு அமுக்குனேன் தங்கச்சி. அப்பவும் உள்ளேருந்து பேசுது, மூதேவி."

சாயந்தரம் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் எல்லோரும் ஜெனியைப் பற்றியே விசாரித்தார்களாம். கடைக்காரச் சிங்கள மாத்தயா கூட மகளுக்கு என்ன ஆனது என்று, "துவட்ட மொகத உனே?" எனக் கேட்டாராம். யாரோ ஒரு புண்ணியவதி ஜெனிக்கே மெசேஜ் போட்டுக் கேட்டுவிட்டாள்.

அதோடு ஜெனி வாயைத் திறப்பதில்லை. எப்போது பார்த்தாலும் 'நல்லா இருக்கேன்மா'. அவ்வளவுதான்.

"பொய் சொல்றா. எனக்குத் தெரியாதா? கண்ணுதானே போச்சு..."



இரண்டு விரலால் திரையில் ஒரு தட்டு. குரல் நின்றுவிடும். இவ்வளவுதான் விஷயம்... அது எங்கள் வழிகாட்டியில் எங்கேயோ அடியில், 'மேலதிக அமைப்புகள்' என்ற தலைப்புக்குள் கிடந்தது. தேடிப்பிடித்து அங்கே போய்ச் சேருவதற்குள் லயமே கேட்டு முடித்துவிடும்.

ஆனாலும் சண்டை. மற்ற மொழிகளில் எல்லாம் இன்ஸ்டால்தான் முதலில் இருக்கிறது, நாம் மட்டும் மாற்றினால் நல்லதில்லை என்று ஒருவர் விடாமல் நின்றார். அக்கா குரூப்பில் வொய்ஸ் போட்டார். "மத்த மொழிக்காரங்க வீட்டுல எல்லாம் சுவரு கூரை வரைக்கும் போகும் போல."

அதற்கு அந்த மனிதரே ஒரு தம்ஸ் அப் போட்டார்.

முதல் பக்கம் அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினது. "பயப்படாதீங்க. ரெண்டு விரலால ஒருக்கா தட்டுங்க. நின்னுரும்." ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே போட்டோம்.

கடைசியாக நான் வீட்டுக்குப் போனபோது கட்டிலில் இருந்தார். கால் வீங்கியிருந்தது. ஜெனிக்கு வொய்ஸ் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். "இப்ப சொல்லும்மா, இத நிப்பாட்டப் படிச்சிட்டேன், யாருக்கும் கேக்காதுன்னு சொல்லியிருக்கேன்."

பதில் வந்ததா என்று கேட்டேன்.

"அதே நல்லா இருக்கேன்மாதான். அனே, பாப்போம்... ஒரு நாளைக்குச் சொல்லுவா."

நேற்று மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். மழை. வீட்டுக்குள்ளும் வாசலிலும் சனம். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெனிக்குக் காலையிலேயே தகவல் சொல்லியாச்சு. வேலை செய்கிற வீட்டில் விடமாட்டார்களாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அக்காவின் ஃபோன் அணைந்தே கிடந்திருக்கிறது. யாருடைய நம்பரோ தேடுவதற்காக ரீட்டா அக்கா அதைப் போட்டார். தேங்கிக் கிடந்த மெசேஜ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. முழுச் சத்தத்தில் அந்தக் குரல்...

"மகள் ஜெனி. அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

ஜெபம் நின்றது. அத்தனை தலையும் திரும்பியது. ரீட்டா அக்கா ஃபோனைப் புரட்டிப் புரட்டிப் பட்டனைத் தேடினார்.

நான் பாய்ந்து போய் இரண்டு விரலால் தட்டினேன்.

நின்றது.

அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்த மெசேஜ் அது. இதற்காகத்தானே மனுஷி அத்தனை நாள் காத்துக் கிடந்தார்...

ரீட்டா அக்கா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். என் ஹெட்செட்டை அவரிடம் கொடுத்தேன். காதில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். வர நேரமானது. வந்து அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார். நானும் கேட்கவில்லை.

இன்று அடக்கம் முடிந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன்.

உங்க மக சொல்லிட்டாக்கா...

யாருக்கும் கேக்கல. போயிட்டு வாங்க.